பிரேக்கம்மாவின் பால் ஜீப்பு

ஆம்புலன்ஸ் டிப்போவில் அவளுக்குப் பிரேக்கம்மா என்று பெயர் வைத்தவர்கள் கிண்டலாகத்தான் வைத்தார்கள். காலையில் மற்ற ஓட்டுநர்கள் எல்லாம் டீ குடிக்கப் போயிருக்கும் நேரத்தில் அவள் மட்டும் தரையில் முட்டி போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கம் கையை விட்டு பிரேக் ஓஸைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் விரல் ஈரமானது, பிரேக் எண்ணெய் கசிந்திருந்தது. அந்த வண்டியை எடுக்க மாட்டேன் என்று சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள். மேலாளர் முதலில் குதித்தார், அப்புறம் மெக்கானிக்கைக் கூப்பிட்டார், அப்புறம் வாயை மூடிக்கொண்டார். அன்றோடு கிண்டல் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

டிப்போவைத் தூரத்துப் பெரிய நகரத்துக்கு மாற்றியபோது அவள் கூடப் போகவில்லை. புருஷன் தையல்காரர். கடைத்தெருவில் இரண்டு மெஷின் போட்டு, வாடிக்கை பிடித்து உட்கார்ந்தவர். அவரைப் பிடுங்கி வேறு இடத்தில் நட அவளுக்கு மனசில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. ஆம்புலன்ஸை மலையடிவாரம் வரை ஓட்டிப் போகிற நாள்களில் அவள் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். மேலே மாடு வளர்க்கிறவர்கள் பால் கேனைத் தோளில் வைத்து, கல்லும் சரளையுமான பாதையில் இறங்கி வருவார்கள். வெயில் ஏறிய நாளில் பால் கீழே வருவதற்குள் திரிந்துவிடும். பாதையோரமாக அதைக் கொட்டிவிட்டு வெறும் கேனோடு திரும்பி ஏறுகிற முகங்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவள் எத்தனையோ தடவை வண்டியைத் திருப்பியிருக்கிறாள். மேலே ஏறி இறங்க ஒரு வண்டி இருந்தால் போதும், ஓட்ட நான் இருக்கிறேன் என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிட்டது.

வண்டி கிடைத்தது மரக்கடையின் பின்கட்டில். ஒரு காலத்தில் மரத்தடி இழுத்த பழைய ஜீப்பு, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் வகை. இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கூட வந்த கொழுந்தன், அதாவது தையல்காரரின் தம்பி, டயர் கடை வைத்திருப்பவன். விடுமுறை நாளில் நண்பர்களோடு சேற்றிலும் மணலிலும் ஜீப்பு விட்டு விளையாடுகிறவன். ஆள் நல்ல பருமன், பேச்சு அதைவிடப் பருமன். இன்ஜின் சத்தம் சரியில்லை, வேண்டாம் அண்ணி என்றான். அவள் இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்து, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தட்டிக்கொண்டே நகர்ந்தாள். டங் என்றால் இரும்பு, டப் என்றால் துரு. முழுக்க டங் என்றே கேட்டது. வெளியே வந்து தலையிலிருந்த கோழி எச்சத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்ஜினை மாத்திக்கலாம் தம்பி. முதுகெலும்பை மாத்த முடியாது. இது நம்ம வண்டி" என்றாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு வேலை தொடங்கியது. இன்ஜினைப் பிரித்து, ரிங் மாற்றி, ரேடியேட்டரைக் கழுவி ஓடவிட்டது வரை ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை உயரத்தில் வந்தது. மலைப்பாதைக்கு வண்டி உயரமாக இருக்க வேண்டும், எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்பது கொழுந்தனின் கட்சி. அவன் கடையிலிருந்தே யானைக்கால் மாதிரி டயர் வந்து இறங்கியது. அச்சுக்கும் குலுக்கலைத் தாங்கும் கமான் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்து, பட்டையையும் கூடுதலாகச் சேர்த்து, ஜீப்பைத் தூக்கி நிறுத்தினார்கள். தையல்காரர் ஏறுவதற்கு முக்காலி கேட்டார். பார்க்க வண்டி மிடுக்காகத்தான் இருந்தது. பிரேக்கம்மாவுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பாலை ஏற்றுவதற்கு முன் கேன்களில் தண்ணீர் நிரப்பிச் செங்கல் சூளைக்குப் பக்கத்து மேட்டில் ஓட்டிப் பார்த்தாள். நேர் ஏற்றத்தில் வண்டி சொன்னபடி கேட்டது. சரிவில் குறுக்கே விட்டபோதுதான் மேட்டுப்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. கேனுக்குள் தண்ணீர் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்த சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. ஸ்டியரிங்கைப் பள்ளத்தை நோக்கி ஒடித்து, வண்டியை நேராக இறக்கி நிறுத்தினாள். கொழுந்தன் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவள் இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

"நாம வண்டியைப் பார்த்து வண்டி கட்டிட்டோம். சுமையைப் பார்த்துக் கட்டணும். கழட்டு" என்றாள்.

வெல்டிங்காரர் பற்றவைத்ததை எல்லாம் அவரே அறுக்க வேண்டி வந்தது. முணுமுணுத்துக்கொண்டே அறுத்தார். இந்தத் தடவை பிரேக்கம்மா முதலில் பால் கேனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள், மற்றதை எல்லாம் அதைச் சுற்றி யோசித்தாள். ஜீப்பின் பின்தரையை வெட்டி எடுத்து, நடுவில் ஓடும் தண்டுக்கு இரண்டு பக்கமும் இரும்புத் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, கேன்கள் அதற்குள் இறங்கி உட்காரும்படி செய்தாள். சேசிஸின் அடிமட்டத்துக்குக் கீழே தொட்டில் இறங்கக் கூடாது என்பது கணக்கு. கேனுக்கு அடியில் ஓடிய புகைக்குழாயை வளைத்து வெளிப்பக்கம் கொண்டுபோனாள், இல்லாவிட்டால் கீழே வருவதற்குள் பால் காய்ந்திருக்கும். யானைக்கால் டயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உயரமாக ஆனால் ஒல்லியாக இருக்கும் டயர் கேட்டாள். கொழுந்தனுக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் எங்கெங்கோ தேடி அவன்தான் கொண்டுவந்தான்.

பாதையின் குறுக்கே ஒரு ஓடை உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு சில்லென்ற தண்ணீரில் இறங்கினால் மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், எண்ணெய் மோராகிவிடும். அந்தத் துளைகளில் ஓஸ் மாட்டி, இருக்கைக்குப் பின்னால் உயரத்தில் கொண்டுபோய்க் கட்டினாள். சேசிஸிலேயே முன்னாலும் பின்னாலும் கனமான வளையம் பற்றவைத்தாள். வண்டியை இழுத்தெடுக்க மின்சார வின்ச் வேண்டும் என்று கொழுந்தன் ஒற்றைக்காலில் நின்றான். இந்தப் பழைய டைனமோவால் அதற்குத் தீனி போட முடியாது என்று சொல்லிவிட்டு, கையால் நெம்புகோல் ஆட்டி இழுக்கும் வின்ச்சை வாங்கி இருக்கைக்கு அடியில் வைத்தாள். இருக்கைக்கு முன்னால் இருந்த கம்பியில் ஒரு நூலைக் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, பின்னால் ஒரு பலகையில் கோடு கிழித்தாள். வண்டி சாயும்போது நட்டு எந்தக் கோடுவரை போகலாம், எதைத் தாண்டினால் கவிழ்ந்துவிடலாம் என்பது அதில் தெரியும். நூல் மட்டும் தையல்காரரின் உபயம்.

இவ்வளவும் செய்து, போக்குவரத்து அதிகாரியிடம் காட்டி அனுமதியும் வாங்கி, முதல் நாள் மலைமேல் ஏறி, பாலோடு இறங்கி வந்தாள். ஒரு இடத்திலும் வண்டி தடுமாறவில்லை. பால் சேகரிக்கும் நிலையத்தில் மூடியைத் திறந்தபோது மேலே வெண்ணெய் மிதந்தது. கமான் பட்டை கெட்டியாக இருந்ததால் குலுக்கிய குலுக்கலில் பாதி நிரம்பிய கேன் எல்லாம் கடைந்து வந்திருந்தது. நிலையத்துக்காரர் சிரித்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிவிட்டார். ஒரு வாரம் கடைத்தெரு முழுக்க அவர்கள் வீட்டு வெண்ணெய்தான்.

தையல்காரர் ரொட்டியில் அதைத் தடவிக்கொண்டே கேட்டார். "நாம வாங்கினது வண்டியா, மத்தா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சோர்ந்து உட்காரவில்லை. பட்டையில் கனமானதை எடுத்துவிட்டு மெல்லியதாக மாற்றினாள். அதைவிட முக்கியமாக, கேனில் காலி இடம் இருந்தால்தானே பால் ஆடும்? கழுத்துவரை நிரப்பிவிட்டால் அசைய இடமேது? எல்லார் பாலையும் அளந்து, பொதுக் கேனில் விளிம்புவரை ஊற்றிக் கொண்டுபோகலாம் என்று மேலே போய்ச் சொன்னாள். தையல்காரர் தன் பங்குக்குக் கேன் ஒவ்வொன்றுக்கும் கெட்டிக் கேன்வாஸில் சட்டை தைத்தார். அதை நனைத்துப் போட்டால் வழியெல்லாம் காற்றுபட்டுக் கேன் குளிர்ந்தே இருந்தது. வாழ்க்கையில் அளவெடுக்கும்போது அசையாமல் நின்ற முதல் வாடிக்கையாளர் இந்தக் கேன்கள்தான் என்றார்.

மேலே எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், ஒருத்தியைத் தவிர. அவளுக்கு ஒரே ஒரு மாடு. அதனால் ஒற்றை மாட்டுக்காரி என்றே கூப்பிடுவார்கள். புருஷன் இறந்தபின் தனியாக இருந்து அந்த ஒரு மாட்டைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டவள். என் பால் கெட்டி, மற்றவர்களின் தண்ணியோடு அதைக் கலக்க மாட்டேன் என்று நேராகச் சொல்லிவிட்டாள். மற்றவர்களுக்குக் கோபம் வந்தது. பிரேக்கம்மா சண்டைக்குப் போகவில்லை. அவளுக்கென்று தனியாக ஒரு சின்னக் கேன் வாங்கி, அதற்கும் ஒரு சட்டை தைக்கச் சொல்லி, பின்கதவு ஓரத்து மூலையில் இடம் ஒதுக்கினாள். தினம் அந்தச் சின்னக் கேன் தனிக் கௌரவத்தோடு இறங்கி வந்தது. எல்லார் பாலும் அப்படித்தான் இருக்கும், இவளுக்கு ஒரு வீம்பு என்று பிரேக்கம்மா மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலை, புது டயர் சேற்றில் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கக் கொழுந்தனும் கூட வந்திருந்தான். பாலேற்றிக்கொண்டு இறங்கி, ஓடையைத் தாண்டியாயிற்று. அடுத்த வளைவில் மேட்டுச் சரிவிலிருந்து மண் இறங்கி, பாதையில் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. பிரேக்கம்மா வண்டியை நிறுத்திவிட்டு நடந்து பார்த்தாள். குச்சியால் குத்திப் பார்த்தாள். பின்னால் ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, திரும்பிப் போகிற பேச்சு இல்லை. அடித்தரை கெட்டியாகத்தான் இருந்தது. நட்டு கோட்டுக்குள் நிற்கும் என்று தோன்றியது. லோ கியரில் போட்டு, மூச்சுவிடுகிற வேகத்தில் வண்டியை நகர்த்தினாள்.

முக்கால்வாசி தாண்டியபோது பள்ளத்துப் பக்கத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் பாதையின் விளிம்பு பொடிந்து இறங்கியது. வண்டி உட்கார்ந்தது. நட்டு கோட்டைத் தாண்டி நின்றது.

அவள் இன்ஜினை அணைத்தாள். ஆம்புலன்ஸில் எத்தனையோ பேரைப் படுக்கவைத்துக்கொண்டு எத்தனையோ மழையைப் பார்த்தவள். கொழுந்தனை மேட்டுப்பக்கமாக மெதுவாக இறங்கி, அந்தப் பக்கத்துக் கால்பலகையில் ஏறித் தொற்றி நிற்கச் சொன்னாள்.

"தம்பி, நீ சாப்பிட்டது எல்லாம் இன்னிக்குத்தான் உதவப் போகுது. நான் சொல்ற வரைக்கும் நகரவே கூடாது."

"அண்ணி, தும்மல் வருது."

"அதையும் முழுங்கு."

அவனை அங்கே நிறுத்திவிட்டு, கம்பி வடத்தை மேட்டில் இருந்த மரத்தடியில் சுற்றி, கை வின்ச்சை மாட்டி, சேசிஸ் வளையத்தோடு சேர்த்து முறுக்கினாள். இனி வண்டி உருளாது. ஆனால் இழுத்தால் வரவும் இல்லை. நெம்புகோலில் தொங்கிப் பார்த்தாள், வடம் வீணைத் தந்தி மாதிரி விறைத்ததே தவிர சக்கரம் எழும்பவில்லை. பள்ளத்துப் பக்கத்துத் தொட்டிலில் நின்ற கேன்களின் கனம் கீழே பிடித்து இழுத்தது. அவற்றைத் தூக்கி இறக்கலாம் என்றால் அந்தப் பக்கம் கால் வைக்கத் தரையே இல்லை. மேட்டுப்பக்கத்துக் கேனை இறக்கினால் இருக்கிற சமநிலையும் போய்விடும்.

ஒரு துளி சிந்தாமல் கொண்டுபோகிறேன் என்று மேலே எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தவள் அவள்தான். பிறகு கேன் கழுவ வைத்திருந்த சுத்தமான ஓஸை எடுத்துக்கொண்டு, மேட்டுப்பக்கமாக உள்ளே ஏறி, கேன்கள்மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். முதலில் எட்டியது பின்கதவு ஓரத்தில், பள்ளத்துப் பக்க மூலையில் இருந்த சின்னக் கேன். சின்னதானாலும் கடைக்கோடியில் இருப்பதால் அதன் கனமும் வண்டியைக் கீழே இழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். தூக்க முடியுமா என்று அசைத்துப் பார்த்தாள். சாய்ந்து கிடந்த பெரிய கேன் அதை நசுக்கிப் பிடித்திருந்தது. வேறு வழியில்லை. மூடியைக் கழற்றி, ஓஸை விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். வாய் நிறையப் பால் வந்தது.

அந்த நிலையிலும் ஒரு கணம் நின்றுவிட்டாள். பால் நாக்கில் ஏடு மாதிரிப் படிந்தது. அதில் ஒரு மெல்லிய இனிப்பு இருந்தது. விழுங்கிவிட்டு ஓஸின் முனையைப் பள்ளத்துப் பக்கம் எறிந்தாள். வெள்ளைக் கோடு சேற்றுச் சரிவில் சத்தமில்லாமல் இறங்கிப் போயிற்று. அப்புறம் அந்தப் பக்கத்துப் பெரிய கேன்களையும் அப்படியே காலி செய்தாள். அந்தப் பால் சாதாரணப் பாலாகத்தான் இருந்தது.

கீழே இறங்கி நெம்புகோலை ஆட்டினாள். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு விரல்கடை. பின்சக்கரம் சேற்றை விட்டு எழும்பி, விளிம்பைப் பிடித்து, பாதைக்குள் வந்து சேர்ந்தது. மீதி தூரத்தையும் வடத்தில் பிடித்தபடியே கடந்தார்கள். கெட்டித் தரைக்கு வந்ததும் கொழுந்தன் கால்பலகையிலிருந்து இறங்கி, அடக்கி வைத்திருந்த தும்மலைத் தும்மினான். மீதிப் பால் கெடாமல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் ஓடை வடிந்ததும், ஜீப்பை மண்சரிவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, அவள் மேலே நடந்தே போனாள். நடந்ததை எல்லார் முன்னாலும் மறைக்காமல் சொன்னாள். பொதுக் கேனில் போனது பொது நஷ்டம் என்று மற்றவர்கள் எளிதாக எடுத்துக்கொண்டார்கள், ஆள் பிழைத்ததே பெரிது என்றார்கள். ஒற்றை மாட்டுக்காரி மட்டும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரேக்கம்மா அவள் பின்னாலேயே மாட்டுக்கொட்டிலுக்குப் போனாள்.

"உன்னோடதைத்தான் முதல்ல ஊத்தினேன்" என்றாள்.

"சொன்னியே. கேட்டேன்."

"வாயில வெச்சு உறிஞ்சித்தான் ஊத்தணும். அதனால குடிச்சும் பார்த்தேன். நீ சொன்னது நிஜம். மத்த பாலும் உன் பாலும் ஒண்ணு இல்ல. நான் இத்தனை நாளா உனக்கு வீம்புன்னு நினைச்சுட்டிருந்தேன்."

ஒற்றை மாட்டுக்காரி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பியபோது முகத்தில் கோபம் இல்லை, ஜெயித்த களை இருந்தது. "அதை வெளியில வந்து எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றாள்.

பிரேக்கம்மா வெளியே வந்து சொன்னாள். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் மூக்கைச் சுளித்தார்கள். ஒற்றை மாட்டுக்காரி அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. கொட்டிலிலிருந்து மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கே சரிஞ்சதுன்னு காட்டு" என்று முன்னால் நடந்தாள். கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். மண்ணை வாரித் தள்ளி, மேட்டு ஓரமாகத் தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டி, விளிம்பில் கல் அடுக்கினார்கள். கல்லை எங்கே வைக்க வேண்டும் என்று சக்கரம் போகிற தடத்தைக் காட்டி பிரேக்கம்மா சொன்னாள். அந்த மழைக்காலம் முடியும்வரை ஜீப்பு ஒருநாளும் அங்கே சறுக்கவில்லை.

கெட்டிப்பாலின் பேச்சு கீழே பரவியதில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் சின்னக் கேனைத் தனியாகக் கேட்டு வாங்கத் தொடங்கினார். ஒற்றை மாட்டுக்காரி அந்த மாட்டின் கன்றையே வளர்த்து இன்னொரு மாடாக்கினாள். பெயர் மட்டும் மாறவில்லை.

ஜீப்பு ஏறும்போது காலிக் கேனோடுதானே போகிறது என்று மேலே உள்ளவர்கள் கண்டுபிடித்தபின் வண்டிக்கு ஓய்வே இல்லை. தீவன மூட்டை ஏறியது, கட்டில் ஏறியது, ஒரு தடவை காலில் கட்டுப்போட்ட ஆடு முன்சீட்டில் உட்கார்ந்து போனது. போன மாதம் ஒற்றை மாட்டுக்காரி தன் வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்றாள். அந்த மலையில் அதுவரை யார் வீட்டிலும் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, எல்லாம் பலகைக் கதவுதான். குலுங்கலில் தூள்தூளாகிவிடும் என்று கடைக்காரர் தலையை ஆட்டினார். பிரேக்கம்மா கண்ணாடியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, கட்டித் தாருங்கள் என்றாள்.

தையல்காரர் வெட்டுத்துணிகளை எல்லாம் சேர்த்து அதற்கு மெத்தையே தைத்துவிட்டார். கண்ணாடியைத் தொட்டிலில் நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு பக்கமும் தண்ணீர் நிரப்பிய கேனால் அணைகொடுத்து அவள் மலையேறினாள். வழக்கத்தைவிட நிதானமாகத்தான் போனாள், ஆனால் எங்கும் நிறுத்தவில்லை. மேலே உறையைப் பிரித்தபோது சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை. தச்சர் சட்டத்தில் பொருத்தி, ஆணி அடித்து முடித்ததும், ஒற்றை மாட்டுக்காரி உள்ளே போய் மறுபக்கத்திலிருந்து கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். கொட்டிலில் நின்ற இரண்டு மாடும் அவளைப் பார்த்தன.